எத்தனை ஸ்வரம் ஒத்துப்போனால் திருட்டு?

கேள்வி இதுதான்: “ஒரு குறும்படத்துக்கு மோகன ராகத்தில் மெட்டுப் போட்டேன். கேட்டவர்களெல்லாம் ‘எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே’ என்கிறார்கள். சத்தியமாக நான் எதையும் பார்த்து அடிக்கவில்லை. இது காப்பியா? ஏழு நொடிக்குள் இருந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் ஒருவர். எட்டு ஸ்வரம் வரை எடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?”

இரண்டுமே சரியில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நொடிக் கணக்கும் கிடையாது, ஸ்வரக் கணக்கும் கிடையாது. ஸ்டூடியோக்களில் எத்தனையோ வருடமாகச் சுற்றிவரும் கதை இது. இதை நம்புகிறவர்களுக்கு நான் சொல்வது 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கை. ராம் சம்பத் ஒரு சோனி எரிக்சன் செல்போன் விளம்பரத்துக்குச் சின்னதாக ஒரு இசைத்துண்டு போட்டிருந்தார். அது ராஜேஷ் ரோஷன் இசையமைத்த ‘கிரேஸி 4’ இந்திப் படத்தின் பாட்டுகளில் இருக்கிறது என்று, படம் வெளிவரும் நேரத்தில் வழக்குப் போட்டார். துண்டு சில நொடிதான். ஆனால் பாட்டைக் கேட்டு முடித்தால் காதில் நிற்பது அதுதான், திரும்பத் திரும்ப வருவதும் அதுதான் என்று நீதிபதி கண்டார். அந்தப் பாட்டுகளோடு படத்தை வெளியிடத் தடை போட்டார். கடைசியில் 2 கோடி ரூபாய்க்குச் சமாதானம் ஆகித்தான் படம் தியேட்டருக்குப் போனது என்று அப்போது செய்தி வந்தது. அதாவது எவ்வளவு எடுத்தாய் என்பது இரண்டாவது கேள்வி. எதை எடுத்தாய் என்பதுதான் முதல் கேள்வி.

இப்போது உங்கள் மோகனத்துக்கு வருவோம்.

ஸ ரி க ப த. மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. ஐந்தே ஸ்வரம். இந்த ஐந்தை வைத்துச் சீனாவில் பாடுகிறார்கள், ஸ்காட்லாந்தில் பாடுகிறார்கள், அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயங்களில் பாடுகிறார்கள். நம் ஊரில் ‘நின்னுக்கோரி’ வர்ணம் படித்த குழந்தைகள் எல்லாருமே பாடுகிறார்கள். இருப்பது ஐந்து ஸ்வரம் என்றால் எந்த இரண்டு பாட்டிலும் ஏதோ ஓர் இடத்தில் நான்கைந்து ஸ்வரம் வரிசையாக ஒத்துப்போகத்தான் செய்யும். ரீல்ஸில் வருகிற ‘சுட்ட பாட்டு’ வீடியோக்கள் பிழைப்பதே இதை வைத்துத்தான். இரண்டு பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, டெம்போவையும் சமன் செய்து, ஒத்துப்போகிற நான்கு நொடியை மட்டும் வெட்டி ஒட்டினால் மோகனத்தில் எந்த இரண்டு பாட்டும் அண்ணன் தம்பி ஆகிவிடும். ஐந்தாவது நொடியில் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கும். அதைக் காட்ட மாட்டார்கள்.

‘அப்பாடா, ராகம் ஒன்று, அவ்வளவுதான்’ என்று அதற்குள் நிம்மதி அடைய வேண்டாம். உலகத்திலேயே பிரபலமான மெட்டுத் திருட்டு வழக்கு நடந்ததும் இதே ஐந்து ஸ்வரத்தில்தான்.

பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970இல் வெளியிட்ட ‘மை ஸ்வீட் லார்ட்’ அமெரிக்கா, பிரிட்டன் இரண்டிலும் முதலிடத்துக்குப் போனது. 1963இல் ‘தி சிஃபான்ஸ்’ என்ற பெண்கள் குழு பாடிய ‘ஹீ இஸ் ஸோ ஃபைன்’ பாட்டின் மெட்டு அது என்று, அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருந்த பிரைட் ட்யூன்ஸ் கம்பெனி 1971இல் வழக்குப் போட்டது. பாட்டை எழுதிய ரொனால்ட் மேக் 1963இலேயே இறந்துவிட்டார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரிச்சர்ட் ஓவன் தானே ஆபரா எழுதுகிற ஆள். அதனால் தீர்ப்பில் ஸ்வரத்தை ஸ்வரமாகவே பிரித்து வைத்தார்.

நம் கணக்கில் எழுதினால் சிஃபான்ஸ் பாட்டின் முதல் துணுக்கு ப க ரி. அதை நான்கு தரம் பாடுகிறார்கள். அப்புறம் வருவது ப த ஸ த ஸ (இந்த ஸ மேல் ஸட்ஜம்). அதையும் நான்கு தரம். இந்த இரண்டாவது துணுக்கு மறுபடி வரும்போது கடைசி ஸட்ஜத்துக்கு முன்னால் ஒரு சின்ன ரிஷபம் உரசிவிட்டுப் போகும்: ப த ஸ த ரிஸ. ஹாரிசன் பாட்டைப் பாருங்கள். ப க ரி நான்கு தரம். ப த ஸ த ஸ மூன்று தரம், நான்காவதுக்குப் பதிலாக ஏறக்குறைய அதே நீளத்துக்கு வேறு ஒரு சங்கதி. அந்த உரசல் ரிஷபம்? அதே துணுக்கில், அதே இரண்டாவது தடவையில் உட்கார்ந்திருக்கிறது.

நீதிபதி சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். ப க ரி யாருக்கும் சொந்தமில்லை, ப த ஸ த ஸவும் யாருக்கும் சொந்தமில்லை. முன்னதை நான்கு தரம், பின்னதை நான்கு தரம், நடுவில் அந்த உரசல் என்று அடுக்கிய அடுக்கு இருக்கிறதே, அது தனித்தன்மை உள்ளது, அது ஒருவருடையது. ஹாரிசன் வேண்டுமென்றே எடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. இதற்கு முன் வெற்றி பெற்ற ஒரு மெட்டை மனதின் அடியில் வைத்திருந்து, அது அங்கிருந்து வருகிறது என்று தெரியாமலேயே எடுத்திருக்கிறார், அதுவும் மீறல்தான் என்றார்.

‘நான் பார்த்து அடிக்கவில்லை’ என்று நீங்கள் சொல்வதற்கு இதுதான் பதில். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அதுவே தப்பிக்க வழியாகாது. தினமும் எட்டு மணி நேரம் பாட்டுக் கேட்கிற ஒருவரின் காதுக்குள் என்னவெல்லாம் கிடக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஹாரிசன் வழக்கின் வால் இன்னும் வேடிக்கை. வழக்கின் ஆரம்பத்தில் அவருக்கு மேனேஜராக இருந்து சமரசம் பேசிய ஆலன் க்ளைன், பின்னால் பிரைட் ட்யூன்ஸின் உரிமையைத் தானே 5,87,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு எதிர்த்தரப்பாக வந்து நின்றார். 16 லட்சம் டாலர் அளவுக்கு வந்திருந்த நஷ்ட ஈட்டை நீதிமன்றம் அவர் வாங்கிய விலைக்கே இறக்கிவிட்டது. உள்ளே இருந்துகொண்டு லாபம் பார்க்கக் கூடாது என்பது காரணம்.

சரி, அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? எனக்குப் பழக்கம் இது. யாருக்கும் சொந்தமில்லாதவற்றை முதலில் கழித்துவிடுவேன். ராகம், தாளம், டெம்போ, நான்கு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) சுற்றிவருகிற ப்ரோக்ரஷன், தவில் அடியோ கிடார் தட்டலோ எல்லாம் கழிந்துவிடும். மிச்சம் இருப்பது மெட்டு. மெட்டு என்றால் ஸ்வரம் மட்டும் இல்லை. எடுப்பு எங்கே, தாளத்தின் எந்த இடத்தில் முதல் ஸ்வரம் விழுகிறது, எந்த ஸ்வரத்தில் கார்வை, அதாவது நீட்டல், நிற்கிறது, வரி எங்கே மடங்குகிறது, பல்லவியிலிருந்து அனுபல்லவிக்கு எந்தப் படியில் ஏறுகிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் மெட்டு. ஸ்வரம் ஒன்றாக இருந்து கார்வை மாறினால் பெரும்பாலும் வேறு பாட்டு. ஸ்வரத்தில் ஒன்றிரண்டு மாறி, கார்வையும் எடுப்பும் மடக்கும் அப்படியே இருந்தால் அது ஈயடிச்சான் காப்பிதான், என்ன வாத்தியத்தில் வாசித்தாலும். ‘ரெண்டு ஸ்வரத்தை மாத்திட்டேன் சார்’ என்று சொல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. ஹாரிசன் ஒரு துணுக்கையே மாற்றியிருந்தார்.

கழிக்க வேண்டியதைக் கழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2013இல் வந்த ‘ப்ளர்ட் லைன்ஸ்’ பாட்டு, மார்வின் கேயின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் நகல் என்று அமெரிக்க ஜூரி 2015இல் முடிவு செய்தது. நஷ்ட ஈடு 70 லட்சம் டாலருக்கு மேல், பிறகு 53 லட்சமாகக் குறைந்தது. இரண்டு பாட்டையும் ஸ்வரம் எழுதிப் பாருங்கள், மெட்டு ஒத்துப்போகாது. ஒத்துப்போவது அந்தப் பார்ட்டி சத்தம், பேஸ் துள்ளுகிற விதம், மொத்தத்தில் ‘ஃபீல்’. மேல்முறையீட்டில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜாக்குலின் நியூயன், ஒரு பாணிக்கே உரிமை கொடுத்தது போல் ஆகிவிட்டது என்று கண்டித்தார். என் கட்சியும் அதுதான். பாணிக்கு வேலி போட்டால் நம் ஊரில் பறையடித்து ஒருவர் பாட்டுப் போட்டால் அடுத்தவர் பறையைத் தொட முடியாது. நல்ல வேளையாகக் காற்று திரும்பியது. எட் ஷீரனின் ‘திங்க்கிங் அவுட் லவுட்’ மீது அதே மார்வின் கேயின் இன்னொரு பாட்டை வைத்து வந்த வழக்கில் 2023இல் நியூயார்க் ஜூரி ஷீரன் பக்கம் நின்றது. அங்கே ஒத்துப்போனது முக்கியமாக நான்கு கார்டு. அதற்கு முன்பே, வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்ட அனுபவத்தில், பாட்டெழுதும் நேரமெல்லாம் வீடியோ எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார் அவர்.

இந்தியாவில் ஒரு நூலோ நாடகமோ நகலா என்று பார்க்க நீதிமன்றங்கள் இன்றும் தொடங்குவது 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி. ஆனந்த் வழக்கிலிருந்துதான். ஒரு நாடகத்துக்கும் ஓர் இந்திப் படத்துக்கும் இடையே நடந்த வழக்கு அது. கருத்துக்கு உரிமை இல்லை, சொல்லிய விதத்துக்கே உரிமை. இரண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு இது அதன் நகல் என்ற எண்ணம் தவறாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாடகத்துக்கு இது சரி. சங்கீதத்துக்கு இந்த ‘சாதாரண ஆள்’ கொஞ்சம் ஆபத்தானவர். அவருக்கு ராகமே பாட்டாகத் தெரியும். கல்யாணியில் எதைப் போட்டாலும் தனக்குப் பிடித்த கல்யாணிப் பாட்டின் பேரைச் சொல்லுவார்.

அந்தக் காலத்தில் இந்தச் சண்டை ஏன் இல்லை என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கடன் வாங்கவில்லை என்பதால் இல்லை. தாராளமாக வாங்கினார்கள்.

முத்துசுவாமி தீட்சிதர் இளம்வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகள் காதில் விழுந்தன. அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்ற பேரில் ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. ‘சந்ததம் பாஹிமாம்’ என்று தொடங்குவதை ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள்: ஸ ஸ ரி, நி ஸ ரி, க க ம, க ரி ஸ, ரி ஸ நி ஸ. பிரிட்டிஷ் ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்ற பாட்டு அப்படியே வரும். கமகமே (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாத சங்கராபரணம். ஒரு ஸ்வரத்தையும் மறைக்கவோ வளைக்கவோ அவர் முயலவில்லை. ராஜாவின் இடத்தில் சியாமளையை உட்கார வைத்துவிட்டார், அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் இதே கதைதான். விவால்டி நான்கு வயலினுக்கு எழுதிய கான்செர்ட்டோவை பாக் எடுத்து நான்கு ஹார்ப்சிகார்டுக்கு மாற்றி எழுதினார்.

இன்னும் கிட்டத்தில் பாரதி இருக்கிறார். ‘வீர சுதந்திரம் வேண்டி நின்றார் பின்னர் வேறொன்று கொள்வாரோ’ பாட்டை அச்சில் பாருங்கள். தலைப்புக்குக் கீழே, ‘தில்லை வெளியிலே கலந்துவிட்டாலவர் திரும்பியும் வருவாரோ என்னும் வர்ணமெட்டு’ என்று போட்டிருக்கும். நந்தன் சரித்திரக் கீர்த்தனையின் மெட்டு. மெட்டு என்னுடையது இல்லை, இங்கிருந்து எடுத்தேன், நீயும் இதிலேயே பாடு என்று பாட்டின் தலையிலேயே எழுதிவிட்டார். தில்லைக்குப் போனவன் திரும்ப மாட்டான் என்ற பாட்டின் சாயலும் சுதந்திரப் பாட்டோடு சேர்ந்து கேட்பவன் மனதில் வந்து நிற்கும். எடுத்ததை மறைத்திருந்தால் அந்தப் பலன் போயிருக்கும். நாடகக்காரர்கள் அடித்த பாட்டுப் புத்தகங்கள், தெருவில் விற்ற சின்னப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு வரி இருக்கும். ஸ்வரக் குறிப்பு அச்சடிக்க வசதியில்லாத காலத்தில் வாசகனுக்கு மெட்டைச் சொல்ல அதுவே வழி. ஆனால் கூடவே, எடுத்த இடத்தையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

இசைத்தட்டும் சினிமாவும் வந்தபோது அந்த வரி காணாமல் போயிற்று. மெட்டை வாசகனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை, தட்டிலேயே கேட்கிறதே. மெட்டு விற்பனைச் சரக்காகிவிட்டதால் பேரைச் சொன்னால் பங்கும் கேட்பார்கள் என்ற பயமும் வந்தது. ஓடுகிற இந்திப் பாட்டின் ரெக்கார்டைக் கையில் கொடுத்து இதற்குத் தமிழில் எழுதுங்கள் என்று தயாரிப்பாளர்களே கேட்ட காலம் ஒன்று நம் சினிமாவில் இருந்தது. அந்தப் பாட்டுகளின் தலையில் ‘என்னும் வர்ணமெட்டு’ என்று யாரும் போடவில்லை. என்னைக் கேட்டால், திருட்டு என்ற பேச்சு அந்த வரி போன இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இப்போது கதை எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். நானும் கொஞ்ச காலம் கீபோர்டு ப்ரோக்ராமிங் செய்தவன்தான். பெரும்பாலும் இசையமைப்பாளர் தேடிப் போய் எடுப்பதில்லை. எடிட்டிங்கில் காட்சிக்கு அடியில் தற்காலிகமாக ஒரு வெளிநாட்டு டிராக்கைப் போட்டு வைப்பார்கள். அதற்கு ஏற்பவே வெட்டு விழும். மூன்று மாதம் அதையே கேட்டுக் கேட்டு, அது இல்லாமல் டைரக்டருக்குக் காட்சியே ஓடாது. அப்புறம் நம்மைக் கூப்பிட்டு ‘இதே ஃபீல் வேணும், ஆனா இது மாதிரி இருக்கக் கூடாது’ என்பார். வெட்டு அந்த டிராக்கின் தாளத்துக்கு விழுந்திருப்பதால் டெம்போவை மாற்ற முடியாது. காட்சி உச்சத்துக்குப் போகும் இடம் அந்த டிராக்கின் உச்சத்தில் பொருந்தியிருப்பதால் கார்டையும் நகர்த்த முடியாது. மிச்சம் இருப்பது மேலே ஓடுகிற மெட்டு ஒன்றுதான். அதில் நான்கு ஸ்வரத்தைத் தள்ளி வைத்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு மிக்ஸிங்குக்கு அனுப்புவோம். டைட்டிலில் பேர் இசையமைப்பாளருக்கு, திட்டும் அவருக்கு.

சமீபத்திய வழக்குகளில் என் கருத்துக்கு மிகப் பொருத்தமானது ‘பொன்னியின் செல்வன் 2’ படத்தின் ‘வீரா ராஜ வீரா’. இந்துஸ்தானி சங்கீதத்தின் பழைய பாணியான துருபத்தைப் பாடுகிற ஃபயாஸ் வாசிஃபுதீன் டாகர் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ‘சிவ ஸ்துதி’ என்று தன் தகப்பனாரும் பெரியப்பாவும், அதாவது ஜூனியர் டாகர் சகோதரர்கள், அடாணா ராகத்தில் அமைத்துப் பாடியதை ஏ.ஆர். ரஹ்மான் எடுத்துவிட்டார் என்பது புகார். ராகம் பழையது, துருபத் மரபு பழையது, இது பொதுச் சொத்து என்பது எதிர்த்தரப்பு. 2025 ஏப்ரலில் தனி நீதிபதி பிரதிபா சிங், இது வெறும் தாக்கம் இல்லை, ஸ்வரத்திலும் கேட்கிற உணர்விலும் அதே உருப்படிதான் என்று இடைக்கால உத்தரவு போட்டார். 2 கோடி ரூபாய் டெபாசிட் கட்டச் சொன்னார், டாகர் சகோதரர்களின் பேரைப் போடச் சொன்னார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. காரணத்தைக் கவனிக்க வேண்டும்: இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதால் அல்ல, ஒரு உருப்படியைப் பாடியவர் என்பதாலேயே அதை இயற்றியவரும் அவரே என்று முதல் பார்வையில் கொள்ள முடியாது என்பதால்.

இதில் எனக்கு உறுத்துவது படத்தில் முதலிலேயே இருந்த குறிப்பு. டாகர்வாணி மரபின் துருபத்தை அடிப்படையாகக் கொண்டது என்று போட்டிருந்தார்கள். எடுத்தது தெரிந்தே எடுத்தது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் மரபின் பேர் இருந்தது, ஆள் பேர் இல்லை. கர்நாடக சங்கீதத்திலும் இந்துஸ்தானியிலும் வாய்வழியாக வந்தவற்றில் இந்தச் சிக்கல் தீரவே தீராது. மரபுக்கு நன்றி சொன்னால் செலவில்லை. ஆளின் பேரைச் சொன்னால் அவருக்கு வாரிசு இருக்கும். நாட்டுப்புறப் பாட்டில் இன்னும் மோசம். நாற்று நடும்போது பாடுகிற அம்மாவிடமிருந்து எடுத்த மெட்டுக்கு ‘நாட்டுப்புற மெட்டு’ என்று ஒரு சொல் போட்டு முடித்துவிடுவார்கள், அதுவும் நல்லவர்களாக இருந்தால்.

இன்னொன்றையும் பிரித்து வையுங்கள். மெட்டுக்கு உரிமை வேறு, ஒலிப்பதிவுக்கு உரிமை வேறு. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ படத்தின் பாட்டைப் போட்டதற்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பியதைப் பலர் திருட்டு வழக்குப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது அந்த ரகமே இல்லை. ஊரறிந்த பாட்டை அதே பாட்டாகத்தான் போட்டார்கள். அனுமதி கொடுக்கும் உரிமை இசையமைப்பாளரிடம் இருக்கிறதா, பாட்டை வாங்கிய கம்பெனியிடம் இருக்கிறதா என்பதுதான் தகராறு.

ஒலிப்பதிவையே வெட்டி எடுப்பதற்குப் பேர் சாம்பிள். அதில் நாம் கொடுத்தவர்களும்கூட. பிரிட்டனின் தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இல் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ பாட்டிலிருந்து எடுத்தார். அதே ஆல்பத்தில் பப்பி லஹிரியின் ‘ஜிம்மி ஜிம்மி’யையும் மறுபடி பாடினார். அந்த ‘ஜிம்மி ஜிம்மி’யைக் கேட்டால் 1980இல் வந்த ஒட்டவான் என்ற பிரெஞ்சு டிஸ்கோ குழுவின் பாட்டு ஒன்று ஞாபகம் வராமல் இருக்காது. இதே பப்பி லஹிரியின் ‘தோடா ரேஷம் லக்தா ஹை’யை 2002இல் ஓர் அமெரிக்கப் பாட்டில் கேட்காமல் போட்டுக்கொண்டபோது, அவர் பேரைப் போடாமல் அந்த ஆல்பத்தை விற்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் சொன்னது. எடுத்தவரும் பறிகொடுத்தவரும் ஒரே ஆள். சினிமா இசையில் இது ஒன்றும் அதிசயமில்லை.

சட்டத்தை மட்டும் நம்பினால் நியாயம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ‘தி வெர்வ்’ குழுவின் 1997ஆம் ஆண்டு ‘பிட்டர்ஸ்வீட் சிம்ஃபனி’யில் வரும் அந்த வயலின் துண்டு, ரோலிங் ஸ்டோன்ஸின் ஒரு பாட்டை ஆர்கெஸ்ட்ரா வாசித்த பழைய ஒலிப்பதிவிலிருந்து வந்தது. ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். மெட்டின் உரிமையை வைத்திருந்தவர் ஒப்பந்தத்தை மீறி அதிகமாக எடுத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்து மொத்த உரிமையையும் வாங்கிக்கொண்டார். அந்த ஆள் யார் தெரியுமா? நம் ஆலன் க்ளைன்தான். பாட்டு எழுதிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு 2019இல்தான் உரிமை திரும்பக் கிடைத்தது. ஸ்டோன்ஸின் அந்தப் பாட்டே ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் 1950களில் பாடிய பக்திப் பாட்டிலிருந்து வந்தது. அவர்களுக்கு இந்தக் கணக்கில் பங்கே வரவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ‘எங்கேயோ கேட்ட மாதிரி’ என்று சொன்னவர்களிடம் எந்தப் பாட்டு, எந்த வரி என்று கேளுங்கள். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னால் பிரச்சினை இல்லை, ராகம்தான் அவர்கள் காதில் விழுகிறது. தனித்தனியாகக் கேட்டும் நான்கு பேரும் ஒரே பாட்டின் ஒரே வரியைச் சொன்னால் உட்கார்ந்து இரண்டையும் ஸ்வரமும் தாளமுமாக எழுதுங்கள். எடுப்பும் கார்வையும் மடக்கும் சேர்ந்து ஒத்துப்போனால் அந்த வரியை மாற்றுங்கள், அல்லது உரிமைக்காரரைத் தேடி அனுமதி கேளுங்கள். மெட்டு உருவானபோது போனில் பதிவு செய்த வாய்ஸ் மெமோ இருந்தால் அழிக்க வேண்டாம். தேதியோடு இருக்கிற அந்தக் கிறுக்கல்கள் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி. யூடியூபில் ஏற்றியதும் மெஷின் ஏதாவது க்ளெய்ம் அனுப்பினால் பதற வேண்டாம். மெஷினுக்கும் மோகனம் குழப்பும். மறுப்புத் தெரிவிக்க அங்கேயே வழி இருக்கிறது.

தெரிந்தே பழைய உருப்படியை எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு பொறி இருக்கிறது. இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. தீட்சிதர் உருப்படியை எடுத்தால் யாரும் கேட்க முடியாது. திருப்பாவைக்கும் அப்படித்தானே என்று நினைப்பீர்கள். ஆண்டாளின் சொல் எல்லாருக்கும் பொது. ஆனால் இன்று கச்சேரியில் கேட்கிற திருப்பாவை மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டவை. அவர் 1967இல் காலமானார். 60 வருடக் கணக்கு 2027 கடைசி வரை ஓடும். எந்தப் பாடகியின் சிடியிலிருந்தாவது வெட்டி எடுத்தால் அந்த ஒலிப்பதிவின் உரிமை தனி.

உங்கள் மெட்டையும், அவர்கள் சொன்ன பாட்டின் பேரையும் அனுப்புங்கள். இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போதும், எழுதிப் பார்த்துச் சொல்கிறேன்.